கழுகைப் பிடித்துக்கொண்டு நாலு புத்தகம்

அடுத்து என்ன படிப்பது என்று முழித்தால், ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். நான் கழுகைப் பிடித்தேன். முதலில் ரோஸ்மேரி சட்க்ளிஃப் 1954-இல் எழுதிய 'தி ஈகிள் ஆஃப் தி நைன்த்': காணாமல் போன ரோமானியப் படையின் கழுகுச் சின்னத்தைத் தேடி, அந்தப் படையில் இருந்தவரின் மகன், போரில் அடிபட்ட காலோடு, கண் வைத்தியர் வேஷம் போட்டுக்கொண்டு பிரிட்டனின் வடக்கே ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்கு அப்பால் போகிறான். சிறுவர் நாவல்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். சர்ச்சிலைக் கடத்த வரும் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் கதை வேண்டுமென்றால் ஜாக் ஹிக்கின்ஸின் 'தி ஈகிள் ஹேஸ் லேண்டட்'. அலிஸ்டர் மக்லீனின் 'வேர் ஈகிள்ஸ் டேர்' விறுவிறுப்புதான், ஆனால் அதில் பறவையைத் தேடாதீர்கள், கதை நடக்கும் கோட்டையின் பெயரில்தான் கழுகு! அப்புறம், வானத்தில் வட்டமடிப்பது பருந்தா கழுகா என்று வீட்டில் சண்டை வந்தால், சாலிம் அலியின் 'தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்' கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.