புது போன் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்: பெட்டியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்

வீட்டில் ஒரு போன் பழுதானதும் பேச்சு உடனே தொடங்கிவிடும். எத்தனை மெகாபிக்சல், எத்தனை ஜிபி ரேம், எத்தனை வாட்ஸ் சார்ஜிங்? கடையிலும் அதையே சொல்கிறார்கள், விளம்பரத்திலும் அதையே பெரிய எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் வாங்கி இரண்டு வருடம் ஆனவர்களிடம் போனில் என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டோரேஜ் ஃபுல், ஹேங் ஆகிறது, வெயிலில் சூடாகிறது, பேங்க் ஆப் இனி இந்த ஆண்ட்ராய்டில் ஓடாதாம், சர்வீஸ் சென்டருக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை பெட்டியின் முன்பக்கத்தில் இருந்த எண்களோடு சம்பந்தமே இல்லாதவை.

15,000 முதல் 25,000 ரூபாய் வரை செலவு செய்யப் போகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நிறைய பேருக்கு அது ஒரு மாதச் சம்பளம். அந்தப் பணம் நாலைந்து வருடம் உழைக்க வேண்டும்.

முதல் தவறு, கையில் இருக்கும் போனைப் பார்க்காமல் புது போனைத் தேடத் தொடங்குவது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் எது இடத்தை அடைக்கிறது என்று தெரியும். பேட்டரி பக்கத்தில் எந்த ஆப் அதிகம் ஓடுகிறது என்று தெரியும். நாள் முழுக்க யூடியூபும் வாட்ஸ்அப்பும் பார்க்கும் அப்பாவுக்கும், பைக்கில் மேப் போட்டு டெலிவரி செய்யும் தம்பிக்கும் ஒரே போன் எப்படிச் சரியாக இருக்கும்? இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்தாலே பாதி மாடல்கள் கழிந்துவிடும்.

அப்டேட்டை யாரும் கேட்பதில்லை

என்னைக் கேட்டால் விலைக்கு அடுத்து முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். போன் கம்பெனி எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் தருகிறது? அப்டேட் நின்ற பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அந்த போனில் அடைபடாமலே இருக்கும். அதில்தான் நம் யுபிஐ, ஆதார், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கின்றன.

கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கும் ஏழு வருட அப்டேட் அறிவித்தன. அவை விலை கூடிய போன்கள், நமக்கென்ன என்று விட வேண்டாம். 2024-இல் 20,000 ரூபாய்க்குள் வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கும் ஆறு ஆண்ட்ராய்டு பதிப்புகள் உறுதி என்றார்கள். அதே விலையில் இரண்டு பதிப்புகளோடு கையைக் கழுவும் போன்களும் பக்கத்து ஷெல்ஃபிலேயே இருந்தன. ஆனால் ஒன்று, போனின் மூளையான சிப் மெதுவாக இருந்தால் ஐந்தாவது வருடம் அப்டேட் வந்தும் போன் திணறும். அதனால் அப்டேட்டையும் சிப்பையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த வருடக் கணக்கு பொதுவாக போன் அறிமுகமான தேதியிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய தேதியிலிருந்து அல்ல. மூன்று வருட அப்டேட் உள்ள ஒரு மாடல் அறிமுகமாகி ஒன்றரை வருடம் கழித்து தீபாவளி ஆஃபரில் வந்தால், மிச்சம் ஒன்றரை வருடம்தான். விலை ஐயாயிரம் குறைந்ததில் இந்தக் கணக்கும் அடக்கம். வாங்கக் கூடாது என்றில்லை. தெரிந்து வாங்க வேண்டும்.

8+8 = 16 ஆகாது

"8 ஜிபி ரேம், கூட 8 ஜிபி வர்ச்சுவல் ரேம், மொத்தம் 16" என்று பெட்டியில் போடுகிறார்கள். உண்மையான ரேம் 8 மட்டும்தான். மீதி 8 போனின் ஸ்டோரேஜிலிருந்து எடுத்தது. ஸ்டோரேஜ் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அடுப்பு மேடையில் இடமில்லாமல் பாத்திரங்களைப் பரணில் ஏற்றி வைப்பது போலத்தான் இதுவும். இடம் கிடைக்கும், எடுக்க நேரமாகும். அதோடு உங்கள் ஸ்டோரேஜிலும் அவ்வளவு இடம் போய்விடும். எனவே கூட்டுத்தொகையைப் பார்க்காமல் முதல் எண்ணை மட்டும் பாருங்கள். இன்றைக்கு 6 ஜிபி-க்குக் கீழே போக வேண்டாம், முடிந்தால் 8 வாங்குங்கள்.

ஸ்டோரேஜ் விஷயத்தில் அளவை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. அதில் வகை உண்டு. இஎம்எம்சி என்பது பழைய வகை, ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. யுஎஃப்எஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும், வேகமும் பல மடங்கு. பின்னணியில் ஆப் அப்டேட் ஆகும்போது ஒரு போன் உறைந்து நிற்பதற்கும் இன்னொன்று சாதாரணமாக ஓடுவதற்கும் பல நேரம் காரணம் இதுதான். யுஎஃப்எஸ் 2.2 இருந்தால் போதும், 3.1 இருந்தால் நல்லது. இந்த வரி கம்பெனி இணையதளத்தின் முழு விவரப் பட்டியலில் இருக்கும், கடை பேனரில் இருக்காது.

அளவைப் பொறுத்தவரை 128 ஜிபி என்றால் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் ஆப்களும் எடுத்ததுபோக நூறு ஜிபி அளவில்தான் கையில் கிடைக்கும். ஆறேழு வாட்ஸ்அப் குரூப்பும் கல்யாண வீடியோக்களும் இருந்தால் அது நிறைய நாள் தாங்காது. மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் பல போன்களில் இரண்டாவது சிம் இடத்தில்தான் கார்டைச் செருக வேண்டும். இரண்டு சிம் வைத்திருப்பவருக்கு அந்த ஸ்லாட்டால் பயனில்லை. பட்ஜெட்டில் இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தால் அதை கேமராவில் போடாமல் 256 ஜிபியில் போடுங்கள் என்பதே என் யோசனை.

மெகாபிக்சல் மயக்கம்

50 மெகாபிக்சல் கேமரா சாதாரணமாக எடுத்துத் தரும் படம் 12.5 மெகாபிக்சல்தான். நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்கிறது, வெளிச்சம் குறைந்த இடத்தில் அது உதவுகிறது. 108 மெகாபிக்சல் போன் ஒன்பதைச் சேர்த்து 12 தரும், 200 மெகாபிக்சல் போன் பதினாறைச் சேர்த்து 12.5 தரும். ஆக மூன்றும் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. ஆப்பிள் 2015-இல் வந்த ஐபோன் 6எஸ் தொடங்கி 2022-இல் வந்த ஐபோன் 14 வரை பிரதான கேமராவில் 12 மெகாபிக்சலையே வைத்திருந்தது. ஆனாலும் படத்தின் தரம் வருடா வருடம் கூடியது. வளர்ந்தது சென்சாரும் (ஒளியை வாங்கிப் படமாக்கும் பாகம்) மென்பொருளும்.

கேட்க வேண்டியது வேறு. சென்சார் அளவு என்ன? ஓஐஎஸ், அதாவது லென்ஸே அசைந்து கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, இருக்கிறதா? கோயில் திருவிழா, இரவு ரிசப்ஷன், வீட்டுக் குழல்விளக்கு வெளிச்சத்தில் ஓடும் குழந்தை என நாம் படம் எடுக்கும் இடமெல்லாம் இந்த இரண்டும்தான் காப்பாற்றும். பின்னால் மூன்று வட்டம் இருந்தால் மூன்று நல்ல கேமரா என்று எண்ண வேண்டாம். 2 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் எடுக்க), 2 மெகாபிக்சல் டெப்த் (பின்னணியை மங்கலாக்க) என்று இருந்தால் அவை எண்ணிக்கைக்காக வைத்தவை. அதைவிட ஒரு நல்ல பிரதான கேமராவும் அகலமான காட்சியை எடுக்கும் 8 மெகாபிக்சல் அல்ட்ராவைடும் உள்ள போன் எவ்வளவோ மேல்.

கடையில் சோதிக்கும்போது டெமோ பீஸை விளக்குகளுக்கு நேராகப் பிடித்து எடுத்துப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்றுதான் வரும். வாசலுக்கு முதுகு காட்டி ஒருவரை நிற்கவைத்து எடுங்கள், முகம் கறுக்கிறதா என்று தெரியும். கையை ஆட்டச் சொல்லி எடுங்கள். பத்து நொடி நடந்துகொண்டே வீடியோ எடுங்கள். அப்புறம் இன்னொன்று: வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தை நன்றாகச் சுருக்கித்தான் அனுப்பும், எச்டி-யாக அனுப்பும் வசதியே 2023-இல்தான் வந்தது. எடுக்கும் படமெல்லாம் ஸ்டேட்டஸுக்கும் குரூப்புக்கும்தான் போகிறது என்றால் கேமராவுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அங்கே தெரியவே தெரியாது.

ஸ்கோர், சூடு, ஒரே பெயரில் இரண்டு போன்

வேகத்தைச் சோதிக்கும் ஆப் தரும் பெஞ்ச்மார்க் ஸ்கோரை வைத்து போனை முடிவு செய்வது இளைஞர்கள் அதிகம் செய்யும் தவறு. 2021-இல் ஒன்பிளஸ் 9 போன்களையும், 2022 மார்ச்சில் சாம்சங் எஸ்22 வரிசையையும் கீக்பெஞ்ச் என்ற சோதனை ஆப் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. சாதாரண ஆப்களின் வேகத்தைக் குறைத்த மென்பொருள், சோதனை ஆப் ஓடும்போது மட்டும் முழு வேகத்தை விட்டதுதான் காரணம். ஸ்கோரை முழுதாக நம்ப முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அரை மணி நேரம் தொடர்ந்து கேம் ஆடிய பிறகு போன் எவ்வளவு வேகம் இழக்கிறது என்று காட்டும் ரிவியூவைத் தேடுங்கள்.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அக்னி நட்சத்திரத்தில் சென்னையும் வேலூரும் 40-ஐத் தாண்டும். அந்த வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டிய போன் சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், திரையை மங்கலாக்கும். டெலிவரி, டாக்ஸி வேலையில் இருப்பவர்கள் மெலிந்த, பளபளப்பான மாடலைவிட சூட்டைத் தாங்கும் மாடலைத் தேடுவது நல்லது. பைக் என்ஜினின் அதிர்வு கேமராவின் ஓஐஎஸ்-ஐக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்தது. விலை கூடிய போனை நேரடியாக ஹேண்டிலில் மாட்டும் முன் இதையும் யோசியுங்கள்.

வெளிநாட்டு ரிவியூவைப் பார்த்து இங்கே வாங்குவதிலும் சிக்கல் உண்டு. கேலக்ஸி எஸ்24 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சிப்போடு வந்தது, இந்தியாவில் அறிமுகமானபோது எக்ஸினோஸ் சிப்போடு வந்தது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. மாடல் பெயரோடு நிற்காமல் சிப்பின் பெயரையும் ஒத்துப்பாருங்கள்.

5ஜி என்று எழுதியிருந்தால் போதாது

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜியோ 4ஜி-யின் துணையில்லாத தனித்த 5ஜி முறையில் தொடங்கியது, ஏர்டெல் 4ஜி கட்டமைப்பின் மேல் ஏற்றிய முறையில் தொடங்கியது. 2024 நவம்பரில் வந்த ரெட்மி ஏ4 5ஜி தனித்த முறையை மட்டுமே ஏற்கும் போன். அதனால் அன்றைக்கு அதில் ஜியோ 5ஜி கிடைத்தது, ஏர்டெல் சிம் போட்டவர்களுக்கு 4ஜி-தான். 5ஜி என்ற பெயரை நம்பி வாங்கிய ஏர்டெல்காரருக்கு அது எவ்வளவு ஏமாற்றம்! உங்கள் சிம் எது என்று சொல்லி, அதன் 5ஜி இந்த மாடலில் வருமா என்று கேளுங்கள். போன் ஏற்கும் அலைவரிசைகளைச் சொல்லும் பேண்ட் பட்டியலில் என்78 இருக்க வேண்டும், ஜியோ என்றால் என்28-உம். கட்டடத்துக்குள்ளே நன்றாக நுழைவது இந்த என்28-தான்.

திரை, பேட்டரி, தண்ணீர் மூன்றிலும் எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். 4,500 நிட்ஸ் (நிட்ஸ் திரை வெளிச்சத்தின் அளவு) என்பது திரையின் ஒரு சிறு பகுதி ஒரு கணம் எட்டும் உச்சம். வெயிலில் திரை முழுக்க எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு எச்பிஎம், அதாவது ஹை பிரைட்னஸ் மோட், எண்ணைப் பாருங்கள், அல்லது டெமோ பீஸை வாசலில் கொண்டுபோய்ப் பாருங்கள். 80 வாட்ஸ் சார்ஜிங் பெரும்பாலும் அதே கம்பெனி சார்ஜரில்தான் வரும், வேறு சார்ஜரில் வெகுவாகக் குறையும். பெட்டியில் சார்ஜர் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டுங்கள். தூசி, தண்ணீரைத் தாங்கும் ஐபி68 தரக்குறியீடு இருந்தாலும் தண்ணீர் புகுந்து கெட்டால் பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டி செல்லாது. அது மழைக்குத் துணை, குளத்தில் இறங்க அனுமதி இல்லை. போனை மெஷின் அருகில் காட்டிப் பணம் கட்ட உதவும் என்எஃப்சி இல்லையே என்று கவலை வேண்டாம், கியூஆர் கோடு ஸ்கேன் செய்து பணம் அனுப்ப அது தேவையே இல்லை.

கடைசியாகக் கடை. பல பிராண்டுகள் விற்கும் பெரிய கடையில் உங்களிடம் வந்து பேசுபவர் பல நேரம் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் ஆள். அவர் தன் வேலையைச் செய்கிறார், முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுப் போவது உங்கள் வேலை. நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் ரொக்க விலையில் கிடைக்கும் தள்ளுபடி அதில் கிடைக்கிறதா, பிராசசிங் கட்டணம் எவ்வளவு, வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். உங்கள் ஊரில் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று பார்த்து, அந்த மாடலுக்கு டிஸ்பிளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று போனிலேயே விசாரித்துவிடுங்கள். 18,000 ரூபாய் போனுக்கு டிஸ்பிளே மாற்ற 7,000 கேட்டால், அது வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம். பெட்டியைத் திறந்ததும் *#06# போட்டு வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, பெட்டியோடும் பில்லோடும் ஒத்துப்பாருங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த மாடல், செல்லுபடியாகும் எண்ணா என்று சொல்லிவிடும். பில்லில் தேதி, ஐஎம்இஐ, கடையின் ஜிஎஸ்டி எண் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். வாரண்டி கேட்கப் போகும் நாளில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான், எனவே அங்கேயே ஒரு படம் எடுத்து மெயிலில் போட்டுவிடுங்கள்.