வல்லாரைத் தூள் செய்யும் முறை

இலங்கையின் வன்னிப் பகுதியில் இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குளங்களை அண்டிய ஈரநிலங்களில் படர்ந்து வளரும் வல்லாரை, நினைவாற்றலுக்கும் மன ஒருமைக்கும் நல்லதென்று சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. இதனை நீர்ப்பிரம்மி என்னும் வேறொரு மூலிகையுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். வட இந்தியாவில் இரண்டையுமே பிராமி என்று அழைப்பதால் கடைப் பொட்டலங்களில் எது இருக்கிறதென்பது பலருக்கும் தெரிவதில்லை. நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவில், ஓரம் அரும்பரும்பாக வெட்டுப்பட்டிருப்பதே வல்லாரை இலை.

களைநாசினி தெளிக்கும் வயல் வரம்புகளில் பறிப்பதைத் தவிர்த்து, கிணற்றடியில் தாமே வளர்த்ததைப் பறிப்பது நல்லது. இலைகளை உப்புக் கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, மண் போகும்வரை மூன்று நான்கு முறை அலசி, சுளகில் பரப்பி நிழலிலேயே உலர்த்த வேண்டும். வன்னி வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் நிறமும் மணமும் கெட்டுவிடும். விரல்களுக்கிடையில் நெரித்தால் நொறுங்கும் பதத்தில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத போத்தலில் அடைக்கவும்.

காலையில் அரைத் தேக்கரண்டித் தூளைத் தேனில் குழைத்து உண்ணலாம். பரீட்சைக்கு முதல்நாள் தொடங்குவதில் பயனில்லை. நினைவாற்றல் குறித்த ஆய்வு முடிவுகளும் உறுதியானவையல்ல. கர்ப்பிணிகளும் ஈரல் நோயாளரும் தவிர்க்க வேண்டும். தூக்க மாத்திரை எடுப்போர் வைத்தியரைக் கேட்டே உண்ண வேண்டும்.