பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வைத் தொடங்குவோர் அறிய வேண்டிய சொற்கள்

ஆய்வுத் தலைப்பு முடிவானதும் நூலகத்துக்குச் செல்லும் மாணவர், நூல்களைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஓபக், தரவுத்தளம், பொருள் தலைப்பு, டிஓஐ போன்ற சொற்களை எதிர்கொள்கிறார். இவற்றை அகராதி வரிசையில் மனப்பாடம் செய்வதால் பயன் இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஆய்வின் ஏதோ ஒரு கட்டத்தில் செய்ய வேண்டிய வேலையோடு இணைந்தது. அந்த வேலை எது என்று தெரிந்துவிட்டால் சொல்லும் மனத்தில் நின்றுவிடும். ஆகவே வேலை நடக்கும் வரிசையிலேயே அவற்றைப் பார்க்கலாம்.

முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது நூலகப் பட்டியலுக்கும் தரவுத்தளத்துக்கும் உள்ள வேறுபாடு. பட்டியல் என்பது அந்த நூலகத்திடம் என்ன இருக்கிறது என்று சொல்லும் பதிவு. கணினியில் தேடக்கூடிய அதன் வடிவத்தையே ஓபக் என்கிறார்கள். ஓர் ஆய்விதழை நூலகம் வாங்குகிறதா, எந்த ஆண்டிலிருந்து வைத்திருக்கிறது என்பதை அது காட்டும். ஆனால் அந்த இதழில் வந்த கட்டுரை ஒவ்வொன்றையும் பெரும்பாலும் அது காட்டாது. கட்டுரைகளைத் தேடுவதற்குத்தான் தரவுத்தளங்கள் இருக்கின்றன. ஓபக்கில் கட்டுரைத் தலைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று திரும்பிவிடுவது இந்த வேறுபாடு தெரியாததால் நேர்வது. இரண்டையும் ஒரே தேடல் பெட்டியில் தேடித் தரும் ஒருங்கிணைந்த தேடல் வசதி இப்போது பல நூலகங்களில் உள்ளது. தொடக்கத்துக்கு அது நல்லது. ஆழமான தேடலுக்கு அந்தந்தத் துறைக்குரிய தரவுத்தளத்துக்கே செல்ல வேண்டும்.

பட்டியலில் நூலின் பெயருக்கு அருகே இருப்பது, அடுக்கில் நூல் நிற்கும் இடத்தைக் காட்டும் அழைப்பு எண். நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் இதுவே இருக்கும். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் இலக்கிய நூல்கள் 894.811 என்ற எண்ணின் கீழ் வரும். அதற்கு அடுத்த வரியில் ஆசிரியரைக் குறிக்கும் எழுத்துகளோ எண்களோ இருக்கும். புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாகப் படித்தால் அடுக்குகளுக்கிடையே வழி தவறிவிடும். 894.9 என்பது 894.811க்குப் பின்னால்தான் வரும். ஏனெனில் புள்ளிக்குப் பிறகு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும், எட்டுக்குப் பின்னரே ஒன்பது. எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையையோ, எழுத்துகளில் தொடங்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலக முறையையோ பின்பற்றும் இடங்களில் எண்ணின் தோற்றம் மாறும். ஆனாலும் நோக்கம் ஒன்றே: ஒரே பொருள் பற்றிய நூல்கள் அருகருகே நிற்க வேண்டும். எனவே தேடிய நூலை எடுத்ததும் திரும்பிவிடாமல் அதன் இருபுறமும் உள்ள நூல்களைப் பார்ப்பதும் ஆய்வின் ஒரு பகுதிதான்.

தேடலின் தரத்தை உண்மையில் தீர்மானிப்பது குறிச்சொல், பொருள் தலைப்பு ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்பது என் உறுதியான கருத்து. குறிச்சொல் நாமாக நினைத்துத் தட்டும் சொல். அது பதிவில் எங்காவது அதே வடிவில் இருந்தால் மட்டுமே அகப்படும். பொருள் தலைப்பு என்பது ஒரு கருத்தை எத்தனை ஆசிரியர்கள் எத்தனை விதமாக எழுதியிருந்தாலும், அவற்றையெல்லாம் ஒரே பெயரின் கீழ் கொண்டுவர நூலகத்தார் முன்கூட்டியே வரையறுத்த சொல். மருத்துவக் கட்டுரைகளுக்கான மெஷ் என்ற பொருள் தலைப்புத் தொகுதியில் புற்றுநோய்க்குரிய தலைப்பு ‘நியோபிளாசம்ஸ்’ என்பதாகும். கட்டுரை ஆசிரியர் கேன்சர் என்று எழுதினாலும் டியூமர் என்று எழுதினாலும் அந்தப் பதிவு அத்தலைப்பின் கீழேயே சேரும். இந்தத் தலைப்புகளை யாரும் ஊகித்து அறிய வேண்டியதில்லை. முதலில் குறிச்சொல்லால் தேடி, தலைப்புக்கு மிகவும் பொருந்தும் ஒரு பதிவைக் கண்டுபிடித்து, அதில் ‘பொருள்’ என்ற பகுதியில் கொடுக்கப்பட்டுள்ள சொற்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை வைத்து மீண்டும் தேட வேண்டும். இரண்டாவது தேடலில் வரும் முடிவுகள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் பொருத்தத்தில் மேம்பட்டிருக்கும்.

சொற்களை இணைக்கும் முறைக்கு, 19ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் பெயரால் பூலியன் தேடல் என்று பெயர். ‘ஆண்ட்’ (AND) என்ற இணைப்பு இரு சொற்களும் உள்ள பதிவுகளை மட்டும் தந்து முடிவுகளைச் சுருக்கும். ‘ஆர்’ (OR) ஏதேனும் ஒன்று இருந்தாலே போதும் என்று விரிக்கும். ‘நாட்’ (NOT) ஒரு சொல் உள்ளவற்றை விலக்கும். குடிநீர்ப் பற்றாக்குறை பெண்களின் வேலை நேரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பது தலைப்பானால், (குடிநீர் ஆர் தண்ணீர்) ஆண்ட் (பெண்கள் ஆர் மகளிர்) ஆண்ட் (உழைப்பு ஆர் வேலை) என்று, ஒரே கருத்துக்குரிய மாற்றுச் சொற்களை அடைப்புக்குறிக்குள் வைத்துத் தேட வேண்டும். இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பேரெழுத்துகளில் தட்டுவது பாதுகாப்பானது. இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தால் சொற்றொடர் அதே வரிசையில் தேடப்படும். ‘நாட்’டை மிகவும் கவனமாகவே பயன்படுத்த வேண்டும், விலக்கிய சொல்லை ஓரிடத்தில் குறிப்பிட்டதற்காகவே நல்ல கட்டுரை ஒன்று கண்ணில் படாமல் போய்விடும்.

முடிவுகள் வந்ததும் அவை எத்தகைய ஆதாரங்கள் என்று பிரித்தறிய வேண்டும். ஒரு நிகழ்வு நடந்த காலத்திலேயே உருவான கடிதம், நாட்குறிப்பு, அரசாணை, கல்வெட்டு, சோதனையில் பெற்ற தரவு போன்றவை முதன்மை ஆதாரங்கள். அவற்றை ஆராய்ந்து எழுதப்பட்டவை இரண்டாம் நிலை ஆதாரங்கள். இந்தப் பிரிவு ஆய்வுக் கேள்வியைச் சார்ந்தது. 1950களில் வந்த வரலாற்றுப் பாடநூல், அது விவரிக்கும் போரைப் பற்றி ஆராய்பவருக்கு இரண்டாம் நிலை ஆதாரம். அக்காலத்தில் வரலாறு எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று ஆராய்பவருக்கு அதுவே முதன்மை ஆதாரம்.

சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்பது, கட்டுரை வெளியாவதற்கு முன் அதே துறையின் வல்லுநர்கள் அதைப் படித்துக் குறைகளைச் சுட்டி, ஏற்கலாமா என்று பரிந்துரைக்கும் முறை. தரவுத்தளத்தில் இதற்கான வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அது பெரும்பாலும் இதழின் தன்மையையே பார்க்கிறது. அதே இதழில் வரும் தலையங்கமும் நூல் மதிப்புரையும் மதிப்பாய்வுக்கு உட்படாதவை. ஆகையால் கையில் உள்ளது ஆய்வுக் கட்டுரைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மதிப்பாய்வுக்கு முன்பே பொதுவெளியில் வைக்கப்படும் வடிவம் முன்வெளியீடு.

ஒரு கட்டுரை பயன்பட்டால், அதன் துணைநூற்பட்டியலே அடுத்த தேடலுக்கு வழிகாட்டும். அங்கே 45(2): 113–131 என்று இருந்தால், தொகுதி 45, அதில் இரண்டாவது இதழ், பக்கங்கள் 113 முதல் 131 வரை என்று பொருள். 10 என்று தொடங்கி நடுவில் சாய்கோடு உள்ள நீண்ட குறியீடு டிஓஐ. இணைய முகவரி மாறினாலும் கட்டுரையைக் கண்டடைய இது உதவும். ஐஎஸ்பிஎன் நூலுக்கும், எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் தொடர்ந்து வெளிவரும் இதழுக்கும் உரிய அடையாள எண்கள். துணைநூற்பட்டியல் நம்மைப் பழைய ஆய்வுகளுக்கு அழைத்துச் செல்லும். ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பு அதற்குப் பின் வந்த ஆய்வுகளுக்கு அழைத்துச் செல்லும். யூஜின் கார்ஃபீல்டு 1964இல் தொடங்கிய அறிவியல் மேற்கோள் அட்டவணை இந்த இரண்டாவது வழியைப் பெரிய அளவில் திறந்துவிட்டது.

சுருக்கம் மட்டும் தெரிந்து முழு உரை திறக்காவிட்டால் உடனே பணம் கட்ட வேண்டியதில்லை. கட்டுரை திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் கட்டணமின்றிப் படிக்கும் வகையில், வேறோர் இடத்தில், குறிப்பாக ஆசிரியரின் பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில், இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். குறிப்பிட்ட காலம் வரை களஞ்சியத்தில் திறக்காமல் வைத்திருக்கும் கட்டுப்பாட்டுக்குத் தடைக்காலம் என்று பெயர். அதுவும் தடையாக இருந்தால் நூலகங்களுக்கிடையேயான இரவல் சேவை உள்ளது. வேறு நூலகத்திலிருந்து நூலையோ கட்டுரைப் படியையோ நம் நூலகமே வரவழைத்துத் தரும். இதற்கு நாள்கள் பிடிக்கலாம் என்பதால், ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், ஆண்டு, டிஓஐ ஆகியவற்றைப் பிழையின்றி எழுதி, ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளுக்கு வெகு முன்னதாகவே விண்ணப்பத்தைக் குறிப்புதவிப் பிரிவில் கொடுத்துவிட வேண்டும்.