நினைவுச்சின்னங்களை மீளாய்வு செய்யும் கொழும்பு தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொது இடத்துச் சிலைகளையும் தூபிகளையும் மீளாய்வு செய்யும் பேச்சு எழுந்தாலே, வைத்திருப்பதா அகற்றுவதா என்று கேட்டு இரு அணிகளாகப் பிரிந்துவிடுகிறோம். முதல் தவறு அதுதான். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த முதலாம் உலகப் போர் நினைவுத்தூபி முதலில் காலி முகத்திடலில்தான் நின்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஜப்பானியப் பீரங்கிகளுக்கு அது குறி காட்டிவிடும் என்று அஞ்சி, அதைக் கழற்றி அன்றைய விக்டோரியா பூங்காவில் மீண்டும் நிறுவினார்கள். அந்தப் பூங்காவே பின்னர் விகாரமகாதேவியின் பெயரைப் பெற்றது. இடம் மாற்றுவதும் பெயர் மாற்றுவதும் இந்நகருக்குப் பழக்கமானவையே. விளக்கப் பலகை வைப்பது, அருகில் இன்னொரு சின்னத்தை எழுப்புவது என வேறு வழிகளும் உண்டு.

பழமையை மட்டும் அளவுகோலாகக் கொள்வதும் பிழை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாகக் கொண்டு தொன்மையை வரையறுத்தது. இன்று கொழும்பு மக்கள் கடந்து செல்லும் சின்னங்களில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை.

எல்லாவற்றிலும் பாரதூரமான தவறு, நிற்பவற்றை மட்டும் பட்டியலிட்டுவிட்டு மீளாய்வு முடிந்தது என்று எண்ணுவதாகும். 1983 ஜூலை 24 அன்று, கொல்லப்பட்ட 13 படையினரின் இறுதிச் சடங்குக்காகப் பொரளை கனத்தை மயானத்தில் திரண்ட கூட்டத்திலிருந்து தொடங்கிய வன்செயல், மறுநாளே நகரெங்கும் தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. 25, 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இவ்வளவும் நடந்த நகரத்தில் அவர்களுக்கென அரசு எழுப்பிய பொது நினைவிடம் ஒன்றும் இல்லை. பொரளைச் சந்தியை நாள்தோறும் கடக்கும் ஒரு பிள்ளைக்கு, அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஒரு கல்லும் இல்லாதிருப்பதை நான் இந்நகரின் பெருங்குறையாகவே காண்கிறேன். 2022 மே 18 அன்று காலி முகத்திடல் போராட்டக் களத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தபோது, கொழும்பின் பொதுவெளியில் பல இனத்தவரும் சேர்ந்து நின்று இறந்தோரை நினைகூர முடியும் என்பது தெரிந்தது. ஆகவே, எதை வைத்திருக்கிறோம் என்பதோடு யாரை விட்டுவிட்டோம் என்பதையும் மீளாய்வுக் குழு எழுத்தில் பதிய வேண்டும்.

பறிகொடுத்தோரின் குடும்பங்களைக் கேளாமல் முடிவெடுப்பது அடுத்த தவறு. 1989, 1990ஆம் ஆண்டுகளில் எம்பிலிப்பிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களை நினைவுகூர, ஓவியர் ஜகத் வீரசிங்க வடிவமைத்த நினைவாலயம் 1999இல் பாராளுமன்றத்துக்கு அருகே எழுந்தது. இன்று அது அங்கில்லை, இடிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிள்ளைகள் சிங்களவர்கள். அவர்களின் தாய்மார் இழந்த இடத்தைப் பற்றித் தமிழராகிய நாமும் பேசினால்தான், பொரளைக்காக நாம் எழுப்பும் கோரிக்கைக்கும் வலு இருக்கும். இறந்தோரையும் காணாமற்போனோரையும் நினைவுகூரும் வழிகளைக் கூட்டு இழப்பீடாக ஏற்கும் சட்டம் 2018 முதல் நாட்டில் இருப்பதால், சட்டத்தில் இடமில்லை என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

தமிழ் வாசகத்தைக் கடைசி நேர மொழிபெயர்ப்பாக விடுவதையும் தவிர்க்க வேண்டும். கல்வெட்டத் தொடங்குமுன், தமிழில் நன்கு எழுதத் தெரிந்த ஒருவரும் உரிய குடும்பத்தினரும் அதை வாசித்துப் பார்த்து ஒப்பமிட வேண்டும்.