சனி ஒரு பந்தயம், ஞாயிறு ஒரு பந்தயம்: சைக்ளோகிராஸ் சைக்கிளைத் தயார் செய்வது எப்படி?

செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை பெல்ஜியம், நெதர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல ஊர்களில் வாரக்கடைசியானால் ஏதாவதொரு பூங்காவை நாடா கட்டி வளைத்து சைக்ளோகிராஸ் நடத்துவார்கள். புல், சேறு, மணல், படிக்கட்டு, பலகைத் தடுப்பு எல்லாம் கலந்த சுற்றுப்பாதை. தொழில்முறை ஆண்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம், புதியவர்களுக்குப் பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம். ஒரு நாள் மட்டும் ஓட்டுவதானால் எப்படியோ சமாளித்துவிடலாம். இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டும்போதுதான் சனிக்கிழமை செய்த அலட்சியத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்குத் தீர்க்க வேண்டிவரும்.

பயிற்சி, உடல்தகுதி பற்றி இதில் எதுவும் இல்லை. காலில் பலம் இருந்தும் புதியவர்கள் நேரத்தைத் தொலைப்பது முதலில் டயர் காற்றில், அடுத்து பிரேக்கில். அவற்றுக்குத்தான் இங்கே இடம் அதிகம்.

சைக்கிள் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ டயர் அகலத்துக்கு 33 மில்லிமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறது. உள்ளூர் தொடக்கநிலைப் பந்தயங்களில் அதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை, 40 மி.மீ. கிராவல் (சரளைப்பாதை) டயரும் மவுண்டன் பைக்கும் வரும். பதிவு செய்யுமுன் அந்தப் பந்தயத்தின் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் தாங்கியைக் கழற்றி வையுங்கள், சைக்கிளைத் தோளில் போடும்போது குறுக்கே நிற்கும். இவ்வளவு குறுகிய நேரத்துக்குப் பாட்டிலும் தேவையில்லை.

வியாழன் இரவு: டியூப்லெஸ் டயர்

டியூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் இல்லாமல் டயரே காற்றைப் பிடித்து நிற்பது. மாட்டுவது வெள்ளி இரவு அல்ல, வியாழன். மாட்டிய டயர் ஓர் இரவு முழுக்கக் காற்றுப் பிடித்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நிற்காவிட்டால் மறுபடி செய்ய இன்னோர் இரவு கையில் இருக்க வேண்டும்.

ரிம்மின் உள்ளகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலான டேப் (ஆரக்கம்பித் துளைகளை மூட) வாங்குங்கள். உள்ளகலம் 21 மி.மீ. என்றால் டேப் 23 முதல் 25. ரிம்மை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஈரம் போன பிறகு வால்வு துளைக்கு நேரெதிரே தொடங்கி, டேப்பை இழுத்துப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி, பத்து செ.மீ. மேலேறும்படி ஒட்டுங்கள். வால்வுக்குத் துளை போடக் கத்தி வேண்டாம். கத்திக் கீறல் காற்றழுத்தத்தில் கிழிந்துகொண்டே போகும். கூரான ஊசியை அடுப்பில் சூடாக்கிக் குத்தினால் விளிம்பு உருகி வட்டமாக நிற்கும். வால்வு நட்டைக் கையால் இறுக்கினால் போதும். இடுக்கியால் இறுக்கிவிட்டால், களத்தில் அவசரத்துக்கு டியூப் போட வேண்டியிருக்கும்போது குளிரில் விறைத்த விரலால் கழற்ற முடியாது.

டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு, கம்ப்ரஸராலோ காற்றறை உள்ள பம்பாலோ ஒரே வீச்சில் காற்றடியுங்கள். டப், டப் என்று சத்தம் கேட்டு விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரும். டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கிற அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். ஹூக்லெஸ் ரிம் (டயரைக் கவ்வும் உள்மடிப்பு இல்லாத ரிம்) என்றால் எந்தக் காரணத்துக்காகவும் 72.5 பிஎஸ்ஐ-க்கு (காற்றழுத்த அளவு) மேல் போகக்கூடாது. ரிம்மிலேயே அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

சாதாரணக் கைப்பம்பு மட்டும் இருக்கிறது, டயர் ஏறமாட்டேன் என்கிறதா? உள்ளே ஒரு டியூபைப் போட்டு இரவு முழுக்கக் காற்றுடன் விட்டுவிடுங்கள். காலையில் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி டியூபை உருவுங்கள். மறுபக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால், மீதி ஒரு பக்கத்தைக் கைப்பம்பே ஏற்றிவிடும்.

பிறகு காற்றை இறக்கி, வால்வு வழியாக ஒரு டயருக்கு 60 மி.லி. சீலண்ட் (சிறு ஓட்டைகளை அடைக்கும் திரவம்). உள்ளூசியைப் போட்டுக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி, இரு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்க வையுங்கள்.

சனி காலை: காற்று எவ்வளவு?

அளவைக் களத்தில்தான் வைக்க வேண்டும், வீட்டில் அல்ல. 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் 25 பிஎஸ்ஐ வைத்த டயர், 5 டிகிரி மைதானத்தில் ஏறக்குறைய 23-க்கு இறங்கிவிடும். எங்கும் கசியவில்லை, குளிரில் காற்று சுருங்குகிறது, அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு 2 பிஎஸ்ஐ ஒரு பொருட்டே இல்லை. இங்கே அது சறுக்கி விழுவதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம். எனவே வீட்டில் 30 வைத்துக்கொண்டு கிளம்புங்கள். களத்தில் சைக்கிளை வண்டியிலிருந்து இறக்கிக் கால்மணி நேரம் வெளியே நிற்கவிட்டு, அதன் பிறகு காற்றை இறக்குங்கள்.

அளக்கப் பம்பில் இருக்கும் முள்ளை நம்பாதீர்கள். 160 பிஎஸ்ஐ வரை காட்டுகிற முள்ளில் 22-க்கும் 25-க்கும் இடையே ஒரு மயிரிழைதான் இருக்கும். தனியாக ஒரு கைமீட்டர் வாங்குங்கள். டிஜிட்டல் நல்லது, 30 வரை மட்டும் காட்டும் முள்மீட்டரும் நல்லது. எதை வாங்கினாலும் பருவம் முழுக்க அதையே பயன்படுத்துங்கள். இரண்டு மீட்டர் ஒரே எண்ணைக் காட்டுவது அபூர்வம். ஆகவே பக்கத்தில் நிற்பவர் சொல்லும் எண் உங்களுக்கு உதவாது.

70 கிலோ எடையுள்ளவர், 33 மி.மீ. டியூப்லெஸ் டயர் என்றால், காய்ந்த புல்லுக்கு முன்னே 24, பின்னே 26-ல் தொடங்கலாம். ஈரச் சேற்றுக்கு முன்னே 21, பின்னே 23. ஒவ்வொரு 5 கிலோவுக்கும் ஒரு பிஎஸ்ஐ கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். டியூப் உள்ள டயரில் இந்த அளவுக்கு இறங்க முடியாது. வேரில் மோதியதும் டியூப் ரிம்முக்கும் வேருக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். டியூப் போட்டவர்கள் 30-க்குக் கீழே போக வேண்டாம்.

இவை தொடக்க எண்கள்தான். அதிகமாக வைத்துத் தொடங்கி, பாதையைச் சுற்றிப்பார்க்கும்போது ஒவ்வொரு பிஎஸ்ஐ-யாகக் குறைத்து வாருங்கள். குறைக்க விரல் போதும், கூட்டப் பம்பைத் தேடி ஓட வேண்டும். எங்கே நிறுத்துவது? ஒரு சுற்றில் ஓரிரு முறை, கடினமான வேரிலோ கல்லிலோ ரிம் லேசாக ‘டொக்’ என்று தட்டினால் சரியான அளவு. ஒருமுறைகூடத் தட்டவில்லை என்றால் காற்று அதிகம். ஒவ்வொரு மேட்டிலும் தட்டினாலோ, வளைவில் முன்டயர் பக்கவாட்டில் மடங்குவது கைக்குத் தெரிந்தாலோ ஒன்று கூட்டுங்கள். ரொம்பக் குறைத்தால் வளைவில் ‘புப்’ என்ற சத்தத்துடன் விளிம்பு ஒரு கணம் விலகிக் காற்று வெளியேறும். ரிம் ஓரத்தில் சீலண்ட் நுரை தெரிந்தால் நடந்தது அதுதான். டியூப்லெஸுக்கென்று செய்யாத டயரை டியூப்லெஸாக மாட்டியவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

பாதையைப் பார்ப்பது

இரண்டு சுற்று. முதலாவது மெதுவாக, இரண்டாவது முக்கியமான இடங்களில் பந்தய வேகத்தில். உங்களுக்கு முன் வேறு பிரிவுகள் ஓடியிருந்தால் காலையில் பார்த்த தடம் மதியத்தில் குழம்பாகியிருக்கும். ஓரத்துப் புல்லில் மிதிபடாத வழி இருக்கிறதா என்று பாருங்கள், நாடாவுக்கு உள்ளே இருக்கும்வரை அது உங்களுடையது. சாய்ந்த சரிவைக் குறுக்கே கடக்கும் இடத்தில் எடையைப் பள்ளத்துப் பக்கப் பெடலில் வைத்து, மேட்டுப்பக்கக் காலைப் பெடல் கிளிப்பிலிருந்து கழற்றித் தயாராக வையுங்கள். ‘பிட்’ எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரமோ சைக்கிளோ அங்கே மட்டும்தான் மாற்றலாம். பழுதான சைக்கிளைத் தூக்கிக்கொண்டு முன்னோக்கி ஓடிச் சேரலாம், பாதையில் பின்னோக்கி வரக்கூடாது.

பலகைத் தடுப்பு

யூசிஐ விதிப்படி உயரம் அதிகபட்சம் 40 செ.மீ., இரண்டு பலகைகளுக்கு நடுவே 4 மீட்டர். தொழில்முறை ஓட்டக்காரர்கள் சிலர் சைக்கிளோடு துள்ளித் தாண்டுவார்கள். நீங்கள் இறங்குங்கள்.

வலது காலைக் கழற்றி, இருக்கைக்குப் பின்னால் சுழற்றி இடப்பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது இடது கால் மட்டும் பெடலில். வலது கையால் மேல்குழாயைப் பிடித்து, வலது காலைத் தரையில் ஊன்றி, அதே கணத்தில் இடது காலை விடுவித்து ஓடுவதுதான் முறை. புதியவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கடைசிக் கணத்தில். முழு எடையும் இடது பெடலில் இருக்கும்போது குதிகாலைத் திருப்பினால் கிளிப் விடாது, சேறு அடைத்திருந்தால் இன்னும் மோசம். தீர்வு எளிது: வலது காலைச் சுழற்றுவதற்கு முன்பே இடது காலையும் கழற்றி, கிளிப்பை விட்டு விலக்கி, பாதத்தின் நடுப்பகுதியைப் பெடல்மேல் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மூக்கு உடையாது.

திரும்ப ஏறும்போது மேலே குதிக்காதீர்கள், முன்னே பாயுங்கள். இருக்கையில் முதலில் படவேண்டியது வலது தொடையின் உட்பக்கம். நடைவேகத்தில் இருபது முறை பழகிய பிறகே ஓடிப் பழகுங்கள்.

பெடலைப் பற்றி ஒரு வார்த்தை. சேற்றுக்கு க்ராங்க்பிரதர்ஸ் எக்பீட்டரில் மண் தங்க இடமே இல்லை. ஆனால் அதன் கிளீட் (ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டும் துண்டு) பித்தளை, சீக்கிரம் தேயும். வாங்கி மறந்துவிட வேண்டுமென்றால் ஷிமானோ எஸ்பிடி போதும்.

சனி இரவு

சேறு காய்வதற்குள் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர், வாளி, இரண்டு பிரஷ் போதும். களத்தில் பிரஷர் வாஷர் இருந்தால் தள்ளிநின்று பயன்படுத்துங்கள், சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் தலை மூன்றிலும் நேராக அடிக்க வேண்டாம். கிரீஸ் போய் தண்ணீர் உள்ளே இருக்கும்.

பிறகு டிஸ்க் பிரேக்கின் பேடைக் கழற்றிப் பாருங்கள், வெளியிலிருந்து எட்டிப்பார்ப்பது போதாது. மணல் கலந்த சேறு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பிசின் கலந்து செய்த ரெசின் பேட் ஒரே பந்தயத்தில் தீர்ந்துபோவதுண்டு. ஷிமானோ சொல்லும் குறைந்தபட்சத் தடிமன் 0.5 மி.மீ.; இன்னொரு பந்தயம் காத்திருக்கும்போது 1 மி.மீ.-க்குக் கீழே இருந்தாலே மாற்றிவிடலாம். சிண்டர்டு என்னும் உலோகப் பேட் நீடிக்கும். ஆனால் வாங்குமுன் ரோட்டரில் (பேட் பிடிக்கும் வட்டத் தகடு) பொறித்திருப்பதைப் படியுங்கள். ரெசின் பேடுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் உலோகப் பேட் அதை அரித்துவிடும்.

புதிய பேட் தடிமனாக இருப்பதால், பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு முன் பிஸ்டனின் பக்கங்களைப் பஞ்சுக்குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். துடைக்காமல் தள்ளினால் மணலும் சேர்ந்து உள்ளே போய் ரப்பர் சீல் வளையத்தைக் கீறும், அப்புறம் பிரேக் எண்ணெய் கசியும். புதுப் பேட் முதலில் சரியாகப் பிடிக்காது. தெருவில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டாமல் மெல்ல வேகம் குறைப்பதை ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறை செய்யுங்கள்.

சேறு ஒட்டாமலிருக்க ஃப்ரேமின் அடியில் சமையல் எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பது பழைய வித்தை, பலிக்கும். சக்கரங்களைக் கழற்றித் தள்ளி வைத்து, பேடைத் தாங்கும் காலிப்பரைத் துணியால் மூடிவிட்டு அடியுங்கள். ரோட்டரிலோ பேடிலோ ஒரு துளி பட்டாலும் அந்தப் பேட் குப்பைக்குத்தான். செயினுக்கும் ஸ்ப்ரே வேண்டாம், சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெயே மேல்.

வலப்பக்கம் விழுந்திருந்தால் பின்னால் நின்று, கியர் மாற்றும் டெரெய்லர் நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். அதைத் தாங்கும் ஹேங்கர் உள்நோக்கி வளைந்திருந்தால், ஞாயிறு காலை பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றியதும் டெரெய்லர் ஆரக்கம்பிக்குள் போய்விடும். ஹேங்கர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேறு, களத்தில் கடன் கிடைக்காது. ஒன்று வாங்கிப் பையில் போட்டு வையுங்கள்.

ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து இரண்டு மணி நேரம் கழித்து மாற்றுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் பசை விடும்.

ஞாயிறு

நேற்றைய எண்ணை அப்படியே வைக்காதீர்கள். இரவு மழை பெய்திருந்தால் 1 அல்லது 2 பிஎஸ்ஐ குறையுங்கள். உறைபனி விழுந்திருந்தால் நேர்மாறு: நேற்றைய சக்கரத் தடங்கள் கல்லாக இறுகியிருக்கும், ரிம் அடிபடும், 2 கூட்டுங்கள். வெயில் ஏறி மதியத்துக்குள் அதே தடம் இளகிவிடலாம். அதனால் மீட்டரைத் தொடக்கக் கோடு வரை எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை: மீட்டர் எதையும் காட்டவில்லை, காற்றும் ஏறவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். சீலண்ட் வால்வின் உள்ளூசியில் உறைந்திருக்கிறது. அளக்கும்போதும் காற்றடிக்கும்போதும் வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், சீலண்ட் கீழே தேங்கும். ஏற்கெனவே அடைத்துவிட்டால் சுத்தம் செய்து மெனக்கெட வேண்டாம். ஊசியை மாற்றுங்கள், மலிவுதான். மாற்று ஊசி இரண்டும் அதைக் கழற்றும் சிறு சாவியும் பையில் இருக்கட்டும்.