பாத்ரூம் கழுவும்போது எதை எதோடு சேர்க்கக் கூடாது

கறை போகவில்லை என்றதும் கைக்கு எட்டுகிற இன்னொரு பாட்டிலையும் எடுத்து அதன் மேலேயே ஊற்றுகிற பழக்கம் பலருக்கு உண்டு. அதை முதலில் விடுங்கள். டாய்லெட் கிளீனர் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவைச் சாத்திய சின்ன பாத்ரூமில் அது மூச்சுக்குழாயையே புண்ணாக்கிவிடும். வினிகரும் ஆசிட்தான், அதற்கு விதிவிலக்கு கிடையாது. அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடு பிளீச் சேர்ந்தால் குளோரமைன் வரும், அதுவும் நச்சுதான். பிளீச் போடுகிற நாளில் இவற்றில் எதையும் போட வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, எந்தக் கறைக்கு எது? குழாயடியில் வெள்ளையாகப் படிகிற உப்புக் கறைக்கு ஆசிட் வகைதான் சரி, பிளீச் எவ்வளவு ஊற்றினாலும் அது அசையாது. ஆனால் தரை மார்பிள் என்றால் ஆசிட் பக்கமே போகாதீர்கள், வினிகர்கூட பளபளப்பை அரித்துவிடும். எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீரும் சோப்பும் போதும். வினிகரும் சமையல் சோடாவும் சேர்த்துப் பொங்க விடுகிறார்களே, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு, நுரை அடங்கியதும் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான்.

டைல்ஸில் கிருமி போக பிளீச் போடுவதாக இருந்தால், முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து நன்றாக அலசிவிட வேண்டும், அழுக்கு இருந்தால் பிளீச்சின் வேகமெல்லாம் அதிலேயே தீர்ந்துபோகும். 1 லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு சுமார் 20 மில்லி, அதாவது 4 டீஸ்பூன் போதும் (பாட்டிலில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்). வெந்நீர் வேண்டாம், அதில் பிளீச் சிதைந்துவிடும். தெளித்த உடனே துடைத்தால் பலன் இல்லை, லேபிளில் சொன்ன நேரம் வரை ஈரமாகவே இருக்கட்டும், அப்புறம் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை போடுங்கள். கரைத்தது மிஞ்சினால் மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள், 24 மணி நேரத்துக்குமேல் அதை நம்ப முடியாது.

எந்த கிளீனரையும் பழைய குளிர்பான பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள், குழந்தை அதைத் தண்ணீர் என்றுதான் நினைக்கும்.

நெடி மூக்கில் ஏறினால் துடைத்து முடிப்போம் என்று நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள், மூச்சு சரியாகவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். கண்ணில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் தொண்டையைச் சுடும். வாயைக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், போகும்போது அந்த பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.