மாமாவை ஆதரிக்கப் போய்…

சேலம் ஐந்து ரோடு பக்கம் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஒருமுறை ஒரு பெண் கட்டுரை நோட்டில் எழுதியிருந்தாள்: 'ஐ இஸ்பவுஸ் மை அங்கிள்.' வார்டு தேர்தலில் நின்ற தாய்மாமனை ஆதரிக்கிறேன் என்று சொல்ல வந்திருக்கிறாள். அந்தக் கால ஆங்கிலத்தில் அதற்கு 'மாமனைக் கட்டிக்கொள்கிறேன்' என்று பொருள். நம் பக்கத்தில் அதுவும் நடக்கிற சங்கதிதான் என்பதால், சிவப்பு மையால் சுழிக்குமுன் கொஞ்சம் யோசித்தேன்.

இ, எஸ், பி, ஓ, யு, எஸ், இ. அகராதியைத் திறந்தால் 'ஆதரி' என்று போட்டிருக்கும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. தமிழில் ஆளையும் ஆதரிக்கலாம், கட்சியையும் ஆதரிக்கலாம், அநாதைக் குழந்தையையும் ஆதரிக்கலாம். இஸ்பவுஸ் அப்படி இல்லை. அதற்குப் பின்னால் கொள்கை, கோட்பாடு, இலட்சியம் இப்படி ஒன்று வரவேண்டும். மாமாவுக்கு 'சப்போர்ட்' போதும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. வாக்குக் கொடுப்பது, நிச்சயம் செய்வது என்ற பொருளில் இருந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. விண்ணப்பப் படிவத்தில் கணவன் அல்லது மனைவி பெயர் கேட்கும் 'ஸ்பவுஸ்' இதன் உடன்பிறப்பு. 'ஸ்பான்சர்' ஒன்றுவிட்ட உறவு. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டதைச் சொல்ல இதே வினைதான். கல்யாண அர்த்தம் இப்போது வழக்கில் இல்லை. ஊரறியக் கைப்பிடிப்பது என்ற சாயல் மட்டும் தங்கிவிட்டது. தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் உண்டு: வரித்தல். சுயம்வரத்தில் மன்னனை வரிப்பதும் அதுதான், 'சமத்துவத்தைக் கொள்கையாக வரித்துக்கொண்டார்' என்பதும் அதுதான். 'ஆதரி'யை மறந்துவிட்டு இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தப்பு போய்விடும்.

மீதிப் பாதியில் பெரியது, செயலுக்கு இந்த வினையைப் போடுவது. ராஜாஜியை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கி மதுவிலக்குக்காக வாதாடினார். அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது 'இஸ்பவுஸ்ட் ப்ரோஹிபிஷன்' பொருந்தும். முதல்வரானபின், 1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தாரே, அதற்கு 'இன்ட்ரொடியூஸ்ட்' என்றுதான் எழுதவேண்டும். அதேபோல 1944 சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்று மாறியது. பெயர் மாற்றத்தை யாரும் இஸ்பவுஸ் செய்யவில்லை. தீர்மானம் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த மேடையில் நின்றவர்கள் வரித்துக்கொண்டது சுயமரியாதைக் கொள்கையை.

'இஸ்பவுஸ் ஃபார்' என்று எழுதுவதும் நிறைய நடக்கிறது. 'ஸ்டாண்ட் ஃபார்' எழுதிய கை சும்மா இருப்பதில்லை. 'ஃபார்' வேண்டாம், கொள்கை நேராக ஒட்டட்டும். 'எக்ஸ்போஸ்' உடன் குழப்பிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். 'ஊழலை அம்பலப்படுத்தினார்' என்று எழுத நினைத்து, ஊழலையே கொள்கையாக வரித்துக்கொண்டவராக ஒரு நேர்மையான அதிகாரியை ஒரு பையன் ஆக்கிவிட்டான். உச்சரிப்பில் இரண்டாம் அசை 'ஹவுஸ்' மாதிரி, கடைசி ஒலி மட்டும் 'ரோஸ்' பூவில் வரும் இசட் மாதிரி. முதல் ஒலி 'எ' அல்ல, 'இ'.

இது கோட்டு சூட்டு போட்ட சொல் என்பதும் நினைவிருக்கட்டும். தட்டு வடை செட் தின்னும்போது 'கார சட்னியை இஸ்பவுஸ் செய்கிறேன்' என்றால், கேலிக்காகச் சொன்னால் சரி, பரீட்சைத் தாளில் வேண்டாம்.

கடைப்பிடிப்பதும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள். இல்லை. ஏற்காட்டில் ஒரு கடைக்காரர் 'பிளாஸ்டிக் இல்லாத ஏற்காடு' என்று பெரிதாக எழுதி மாட்டியிருந்தார், வருகிறவர்களிடம் அதைப் பற்றிப் பேசவும் செய்தார். நான் வாங்கிய கால் கிலோ காப்பித் தூளைக் கேரி பேக்கில் போட்டு நீட்டினார். அவர் அந்தக் கொள்கையை இஸ்பவுஸ் செய்கிறார் என்று தாராளமாக எழுதலாம். 'ப்ராக்டிஸ்' என்று மட்டும் எழுதிவிடக்கூடாது.